வரைபடத்துக்கு எந்தத் தரவுத்தளம்? கையொப்பமிடும் முன் ஒரு கணக்கு

நமது கரையோரத்து வர்த்தகர் சங்கமொன்று தனது அங்கத்தவர்களின் கடைகளையெல்லாம் இணையத்தில் ஒரு வரைபடமாகக் காட்ட விரும்பி, வெளியூர்க் கம்பனியொன்றிடம் விலைமனு கேட்டிருந்தது. வந்த விலைமனுவைச் சங்கத்துச் சகோதரர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். கணினிக்கு ஒரு தொகை, வரைபடம் வரையும் வேலைக்கு ஒரு தொகை, பயிற்சிக்கு ஒரு தொகை என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். அவை எல்லாவற்றையும் கூட்டினாலும் எட்டாத ஒரு தொகை நடுவில் ஒற்றை வரியில் இருந்தது. அதுதான் தரவுத்தளத்தின் 'என்டர்பிரைஸ்' பதிப்பும், அதனோடு சேர்ந்த 'ஸ்பேஷியல்' என்ற மேலதிகப் பகுதியும். "இது இல்லாமல் வரைபடம் ஓடாதாம் நானா" என்றார் அவர்.

ஓடும். நன்றாகவே ஓடும். ஆனால் அதை வெறும் வாயால் சொல்லிவிட்டால் போதாது. நம்மவர்கள் நெல்லை வாங்கும்போது ஒரு பிடி அள்ளி ஈரப்பதம் பார்ப்பார்கள், கைத்தறிச் சாரத்தை வெளிச்சத்தில் பிடித்து இழை எண்ணுவார்கள். கணினி விடயம் என்றதும் மட்டும், வந்தவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுக் கையொப்பம் இடுகிறார்கள். ஆகவே இந்த வாரம் இந்தச் சரக்கையும் கொஞ்சம் கையில் அள்ளிப் பார்ப்போம்.

சாதாரண தரவுத்தளம் என்பது நமது பற்றுக் கொப்பி மாதிரி. பெயர், தொலைபேசி இலக்கம், பாக்கித் தொகை. "முப்பதாயிரத்துக்கு மேல் பாக்கி உள்ளவர் யார்?" என்று கேட்டால் சொல்லும். "மருதமுனைச் சந்தியிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் உள்ள ஹாட்வெயார் கடைகள் எவை?" என்று கேட்டால் அதற்குத் தெரியாது. இடத்தையும் தூரத்தையும், உள்ளே வெளியே என்பதையும் புரிந்துகொள்ளும்படி செய்யப்பட்டதைத்தான் இடஞ்சார் தரவுத்தளம் என்கிறார்கள். வரைபட சேர்வர் என்பது வேறு. அது தரவுத்தளத்திடம் கேட்டு வாங்கிப் படமாக வரைந்து இணையத்துக்கு அனுப்பும் வேலைக்காரன். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த மேப்சேர்வரும், 2001இல் நியூயோர்க்கில் தொடங்கப்பட்ட ஜியோசேர்வரும் அந்த வகையில் பெயர்பெற்றவை. இரண்டுமே இலவசம். ஆகவே பணம் பேசப்படுவது பெரும்பாலும் தரவுத்தளத்தின் பதிப்பில்தான்.

இந்த 'உள்ளே, வெளியே' என்ற கேள்வி நமக்கு விளையாட்டான கேள்வியல்ல. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு, கடலிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று இடைவலயம் அறிவித்தார்கள். பின்னர் அது தளர்த்தப்பட்டது. மருதமுனையில் '65 மீற்றர் வீட்டுத்திட்டம்' என்று ஒரு குடியிருப்புக்கே பெயர் வந்துவிட்டது. ஒரு வீடோ கடையோ கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதில் ஒரு குடும்பத்தின் காணியும் நஷ்டஈடும் தொழிலும் தங்கியிருந்த காலம் அது. அந்தக் கேள்விக்குத் தவறான விடை சொல்லும் தரவுத்தளம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

தவறான விடை எப்படி வரும்? ஓர் உதாரணம் சொல்கிறேன். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தைப் பலரும் அறிவார்கள். கடைகளுக்கு இணையத்தளம் செய்து தரும் பிள்ளைகள் பெரும்பாலும் அதைத்தான் பாவிக்கிறார்கள். 2004இல் வெளிவந்த 4.1 பதிப்பிலிருந்து அதில் இடஞ்சார் வசதி உண்டு. ஆனால் 2013இல் 5.6 பதிப்பு வரும் வரை, 'இது அதற்குள் இருக்கிறதா?' என்று கேட்டால், அது உண்மையான வடிவத்தைப் பார்க்காமல், அந்த வடிவத்தைச் சுற்றி ஒரு நீள்சதுரப் பெட்டி போட்டு, பெட்டிக்குள் இருக்கிறதா என்றுதான் பார்த்தது. நமது கரை நேர் வடக்குத் தெற்காக ஓடவில்லை. பெரியநீலாவணையிலிருந்து நிந்தவூரை நோக்கிப் போகப் போகக் கிழக்கே சரிகிறது. அந்தச் சரிவான 200 மீற்றர் பட்டியைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்தால் என்னவாகும்? தெற்கே, கடலை விட்டு எவ்வளவோ தள்ளி இருக்கும் வீடுகளும் பெட்டிக்குள் விழுந்துவிடும். கணினி 'உள்ளே' என்று சொல்லும். கந்தோரில் இருப்பவர் 'கணினியே சொல்கிறது' என்பார். 8.0 பதிப்புக்கு இந்தக் குறை கிடையாது. ஆனால் எத்தனை இடங்களில் பழையது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! ஆகவே பெயரை மட்டும் கேட்டால் போதாது, எத்தனையாம் பதிப்பு என்றும் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்கள் 'கந்தவளை' என்ற அடிப்படையில் அளக்கப்பட்டவை. 1999இலிருந்து வேறோர் அடிப்படை வந்தது. கையில் இருக்கும் தொலைபேசியின் ஜி.பி.எஸ். மூன்றாவது ஓர் அடிப்படையில் பேசுகிறது. இவற்றை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு முறைப்படி மாற்றாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கோடுகள் நூறு மீற்றருக்கு மேல் விலகிப் போகும். நமது ஊரில் நூறு மீற்றர் என்பது கடலுக்கும் கடைக்கும் இடையிலான தூரம். யார் அளந்தாலும் ஒரு யார்தான் என்று துணிக்கடையில் சொல்லலாம், வரைபடத்தில் யாருடைய முழம் என்று கேட்டே ஆக வேண்டும். நல்ல தரவுத்தளத்தில் இந்த அடிப்படைகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் இருக்கும். கந்தவளைக்கு 5234, 1999ஆம் ஆண்டினதுக்கு 5235, ஜி.பி.எஸ்.ஸுக்கு 4326. வேலை எடுக்க வருபவரிடம் இந்த மூன்று இலக்கங்களையும் சொல்லி, "எதிலிருந்து எதற்கு மாற்றுவீர்கள் தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும் வேகத்திலேயே ஆளை அளந்துவிடலாம்.

இனி விலைக்கு வருவோம். ஒராக்கிள் கம்பனியின் தரவுத்தளம் உலகப் பெயர் பெற்றது. வங்கிகள் பாவிக்கின்றன. அதன் தரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீண்ட காலமாக அவர்கள் இடஞ்சார் வசதியை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 'லொக்கேட்டர்' என்பது எல்லாப் பதிப்போடும் மேலதிகக் காசில்லாமல் வரும். இடத்தைப் பதியலாம், இத்தனை மீற்றருக்குள் எது என்று கேட்கலாம், அருகில் உள்ளதைத் தேடலாம். 'ஸ்பேஷியல்' என்பது அதற்கு மேலே. பாதை வலைப்பின்னல், செய்மதிப் படங்களைத் தரவுத்தளத்துக்குள்ளேயே வைத்தல் முதலான பெரிய வேலைகள் அதில் இருந்தன. அதை வாங்க வேண்டுமானால் முதலில் என்டர்பிரைஸ் பதிப்பை வாங்கியிருக்க வேண்டும்.

பட்டியல் விலையைச் சொல்கிறேன். என்டர்பிரைஸ் ஒரு 'புரொசெசர்' கணக்குக்கு 47,500 டொலர். ஸ்பேஷியலுக்கு 17,500 டொலர். இரண்டும் சேர்ந்து 65,000. சாதாரண இன்டெல் சேர்வரில் இரண்டு கருக்களை ஒரு புரொசெசராக எண்ணுவார்கள். நான்கு கரு உள்ள சிறிய இயந்திரத்துக்கே 130,000 டொலர். அதற்கு மேல் ஒவ்வொரு வருடமும் 22 சதவீதம் பராமரிப்புக் கட்டணம், அதாவது 28,600 டொலர். தள்ளுபடி பேசலாம் என்பது உண்மைதான். பாவனையாளர் தலைக்கு இவ்வளவு என்ற முறையும் உண்டு. ஆனால் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடும் வரைபடத்தில் தலையை யார் எண்ணுவது? ஆகவே புரொசெசர் கணக்குக்குத்தான் போக வேண்டிவரும். கல்முனையில் ஒரு கடைவரைபடத்துக்கு இந்தக் கணக்கு என்றால், கத்தரிக்காய் ஏற்றக் கப்பல் பிடித்த கதைதான்.

அதைவிடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. 2019 டிசம்பர் 5ஆம் திகதியிலிருந்து ஒராக்கிள் நிறுவனமே ஸ்பேஷியல் வசதிக்குத் தனிக் கட்டணம் இல்லை என்று அறிவித்துவிட்டது. இப்போது எல்லாப் பதிப்போடும் அது சேர்ந்தே வருகிறது. அப்படியிருக்க விலைமனுவில் அந்த வரி இன்னும் ஏன் இருக்கிறது? பழைய விலைமனுவில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். நல்லெண்ணம் வைப்போம், ஆனால் காசைக் கொடுக்காமல் வைப்போம்.

அதே கம்பனிக்கு ஓர் இலவசப் பதிப்பும் உண்டு. 2006இல் 'எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் வந்தபோது 4 கிகாபைட் தரவு, 1 கிகாபைட் நினைவகம், ஒரு புரொசெசர் என்று எல்லை வைத்தார்கள். 2018இலிருந்து 12 கிகாபைட் தரவு, 2 கிகாபைட் நினைவகம் என்று கூட்டினார்கள். 2023இல் பெயரை 'ஃப்ரீ' என்றே மாற்றினார்கள். மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சேர்வரிலும் 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இடஞ்சார் வசதி உண்டு. அவர்களின் இலவச எக்ஸ்பிரஸிலும் அது குறைக்கப்படவில்லை. 2008 ஆர்2 முதல் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு வரை அதன் எல்லை தரவுத்தளம் ஒன்றுக்கு 10 கிகாபைட்.

பத்து, பன்னிரண்டு கிகாபைட் போதுமா என்று கேட்பீர்கள். எண்ணிப் பார்ப்போம். ஒரு கடைக்குப் பெயர், விலாசம், தொலைபேசி, திறக்கும் நேரம், இடப்புள்ளி எல்லாம் சேர்த்து தாராளமாக இரண்டு கிலோபைட் வையுங்கள். பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரை ஐயாயிரம் கடை என்று வைத்தாலும் 10 மெகாபைட்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு! தெருக்களும் கட்டடங்களும் சேர்ந்தால் கூடும். ஆனால் ஓபின்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் இலங்கை முழுவதற்குமான தரவும் சுருக்கிய நிலையில் ஒரு பழைய சீடீ தட்டுக்குள் அடங்கிவிடும். விரித்து ஏற்றினால் சில மடங்காகும், அவ்வளவுதான். கடை முகப்புப் புகைப்படங்களும் செய்மதிப் படங்களும்தான் இடத்தைத் தின்பவை. அவற்றைத் தரவுத்தளத்துக்குள் போட வேண்டியதே இல்லை. சாதாரணக் கோப்புகளாக வெளியே வைத்துவிட்டு, எங்கே இருக்கிறது என்று மட்டும் தரவுத்தளத்தில் எழுதினால் போதும். களஞ்சியத்தில் நெல் மூட்டையையும் கணக்குக் கொப்பியையும் ஒரே அலுமாரியில் யாராவது வைப்பார்களா?

என் தெரிவைக் கேட்டால், இவை எதுவும் இல்லை. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளமும் அதன்மேல் ஏறும் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற இடஞ்சார் பகுதியும்தான். முன்னது கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் வேர்விட்டது. பின்னதைக் கனடாவின் விக்டோரியா நகரிலுள்ள ரிஃப்ராக்ஷன்ஸ் ரிசேர்ச் என்ற சிறிய கம்பனி 2001இல் வெளியிட்டது. பெரிய கம்பனிகளின் வேலையை ஒரு சிறிய கம்பனி செய்து, மூலத்தையும் திறந்து வைத்தது என்பதே நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்குப் பிடிக்க வேண்டிய கதைதான். இதில் பதிப்பு என்ற பேச்சே இல்லை. சிறியது, பெரியது, என்டர்பிரைஸ் என்று பூட்டிவைத்த அறைகள் கிடையாது. கிகாபைட் எல்லை கிடையாது. நாளை சங்கம் வளர்ந்தால் விலைமனு மீண்டும் வராது. பிரான்ஸ் நாட்டின் தேசிய நிலவரைபட நிறுவனமே தனது தரவை இதில் வைத்திருக்கிறது. ஓபின்ஸ்ட்ரீட்மேப்பும் 2009இல் மைஎஸ்கியூஎல்லை விட்டு போஸ்ட்கிரெஸுக்கு மாறியது.

தூரத்து உதாரணம் வேண்டாம் என்றால் மட்டக்களப்பைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் சேர்ந்து 2012, 2013 காலப்பகுதியில் மட்டக்களப்பு நகரின் கட்டடங்களை ஓபின்ஸ்ட்ரீட்மேப்பில் குறிக்கும் வேலையை நடத்தினார்கள். அதே திட்டத்தின் கீழ் இலங்கைக்கான ஆபத்துத் தகவல் வரைபடத் தளமொன்றையும் ஜியோநோட் என்ற மென்பொருளில் அமைத்தார்கள். அதன் அடித்தளம் ஜியோசேர்வரும் போஸ்ட்ஜிஐஎஸும்தான். அதற்கும் முன்னர், சுனாமி வந்த சில நாட்களுக்குள் நமது நாட்டுத் தகவல் தொழில்நுட்பத் தொண்டர்கள் 'சஹானா' என்ற நிவாரண முகாமைத்துவ மென்பொருளைத் திறந்த மூலத்திலேயே கட்டினார்கள். பின்னர் அது உலகமெங்கும் போனது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அமெரிக்காவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. இலங்கையர்களால் முடியாத வேலை இது என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் சிலர் குறுக்கே ஒரு வழி சொல்வார்கள். "என்டர்பிரைஸையே போடுவோம், அனுமதி வாங்காமல் போடுவோம், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்பார்கள். தரவிறக்கம் செய்வது இலகு என்பதால் இந்த ஆசை வருகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, வர்த்தகப் பெயர், ஆக்கவுரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை ஷரீஅத்தின்படி உரியவரின் சொத்தே, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. ஹலால் சான்றிதழைக் கடை வாசலில் தொங்கவிட்டுக்கொண்டு, உள்ளே களவு மென்பொருளில் கணக்கு எழுதும் வழக்கம் நம்மில் எவ்வளவு சாதாரணமாகிவிட்டது! இலவசமாகவும் அனுமதியோடும் தரமானது கிடைக்கும்போது களவுக்குப் போவதற்கு 'நிர்ப்பந்தம்' என்ற சாட்டும் இல்லை.

இலவசம் என்றால் செலவே இல்லை என்று நினைத்துவிடவும் கூடாது. மென்பொருளுக்குக் கொடுக்காத காசில் ஒரு பகுதியை ஆளுக்குக் கொடுக்க வேண்டும். சேர்வர் வாடகை, பாதுகாப்புத் திருத்தங்களைக் காலத்துக்குக் காலம் ஏற்றுதல், காப்புப் பிரதி எடுத்தல், கடை மூடினாலும் இடம் மாறினாலும் தகவலைத் திருத்துதல் இவையெல்லாம் தொடர்ந்து நடக்க வேண்டிய வேலைகள். நமது சங்கங்களில் திறப்பு விழாவுக்கு இருக்கும் உற்சாகம் இரண்டாம் வருடப் பராமரிப்புக்கு இருப்பதில்லை. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்து வரும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். சம்பளம் பேசி, மாதம் தவறாமல் கொடுத்து ஒருவரை அமர்த்துங்கள். 'ஊர்ப் பிள்ளைதானே, சும்மா செய்வான்' என்று தொடங்கும் வேலை பாதியில் நிற்கும். ஒற்றைக் கடைக்காரருக்கு இதெல்லாம் தேவையா என்றால், தேவையே இல்லை. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்தால் போதும், காசும் இல்லை. ஆனால் அவர்களின் வரைபடத்தை உங்கள் தளத்துக்குள் இழுத்துப் போட்டு மேலே நீங்கள் வேலை செய்வதானால், 2018இலிருந்து கட்டணக் கணக்குத் திறந்தே ஆக வேண்டும், பாவனை கூடினால் பில் வரும். சங்கம், மொத்த விநியோகஸ்தர், பல லொறி ஓடும் நிறுவனம் இவர்களுக்குத்தான் சொந்த வரைபடம் இலாபம்.

பதிப்பு விடயத்தில் விலையை விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று இருக்கிறது. கடைகளின் பட்டியலை, உரிமையாளரின் பெயரோடும் இடப்புள்ளியோடும், யாரும் தரவிறக்கக்கூடிய விதத்தில் இணையத்தில் வைக்கலாமா? 2014 ஜூனில் அளுத்கமையில் என்ன நடந்தது, 2018 பெப்ரவரி பிற்பகுதியில் நமது மாவட்டத் தலைநகரான அம்பாறை நகரிலேயே ஓர் உணவகத்தில் தொடங்கிய வதந்தி எங்கே போய் நின்றது என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. வாடிக்கையாளருக்குக் கடையின் பெயரும் இடமும் தெரிந்தால் போதும். உரிமையாளரின் பெயர், வீட்டு விலாசம், களஞ்சியம் எங்கே, அங்கே எவ்வளவு சரக்கு என்பதெல்லாம் சங்கத்துக்குள் இருக்க வேண்டியவை. ஸகாத் வேலையைச் செய்யும் சிலர், உதவி பெறும் வீடுகளையும் இதே வரைபடத்தில் குறிக்கலாமே என்று கேட்கிறார்கள். உள்வேலைக்கு அது மிகவும் பயனுள்ளதுதான். ஆனால் ஏழையின் வீட்டைப் பொதுவில் புள்ளியிட்டுக் காட்டுவது அவனுடைய மானத்தில் கைவைப்பதாகும்.

இதைத் தரவுத்தளத்திலேயே பூட்டலாம். யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்று வரிக்கு வரி கட்டுப்படுத்தும் வசதி போஸ்ட்கிரெஸில் 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பிலிருந்து இருக்கிறது, காசில்லாமல். ஒராக்கிளில் காசுக்கு வாங்கும் 'ஸ்டாண்டர்ட்' பதிப்பில் இந்த வசதி கிடையாது, அதற்கு என்டர்பிரைஸுக்கு ஏற வேண்டும். பதிப்பைத் தெரிவு செய்யும்போது எத்தனை கிகாபைட் என்று கேட்பவர்கள், எதை யாரிடமிருந்து மறைக்க முடியும் என்று கேட்பதேயில்லை. வரைபட சேர்வரில் மட்டும் மறைத்துவிட்டுத் தரவுத்தளத்தைத் திறந்தே வைப்பது, முன்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்வாசலில் படுத்துறங்குவது போன்றது.

எல்லைக் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிரதேச செயலகம், மாநகரசபை என்று நமது பகுதியில் ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஒரு வழக்கோ ஆர்ப்பாட்டமோ இருக்கிறது. கல்முனையையும் சாய்ந்தமருதையும் பற்றி நான் இங்கே அரசியல் பேச வரவில்லை. கடைவரைபடத்தில் நிர்வாக எல்லையே தேவையில்லை என்பதுதான் எனது அபிப்பிராயம். தெருவும் சந்தியும் பள்ளிவாசலும் கோயிலும் வைத்தியசாலையும் இருந்தால் வாடிக்கையாளர் வந்து சேர்வார். கோடு போட்டே ஆக வேண்டும் என்றால் வர்த்தமானியில் உள்ளபடி போட்டு, எந்த வர்த்தமானி என்று திகதியோடு கீழே எழுதுங்கள்.

அந்தச் சங்கத்துச் சகோதரருக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். விலைமனுவைத் திருப்பி அனுப்பி, போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் ஜியோசேர்வரும் கொண்டு அதே வேலையைச் செய்ய என்ன விலை என்று அதே கம்பனியிடமும் வேறு இருவரிடமும் கேட்க வேண்டும். கொந்தராத்தில் நான்கு விடயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: தரவு சங்கத்தின் சொத்து, சேர்வரின் பிரதான கடவுச்சொல் தலைவரிடமும் செயலாளரிடமும் மூடிய உறையில் இருக்கும், மாதம் ஒரு முறை முழுத் தரவுத்தளத்தின் பிரதி ஒன்று வேறு ஊரில் இருக்கும் கணினிக்குப் போகும், ஆறு மாதத்துக்கொரு முறை அந்தப் பிரதியிலிருந்து வரைபடத்தை மீண்டும் எழுப்பிக் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் கம்பனிக்காரர்கள் விரும்ப மாட்டார்கள். 'பேக்அப் எடுக்கிறோம்' என்று எல்லோரும் சொல்வார்கள், அதிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா என்றால் மௌனம். கடலிலிருந்து சில நூறு மீற்றரில் கடையும் கந்தோரும் வைத்திருக்கும் நாம், அந்தப் பிரதி சம்மாந்துறையிலோ கண்டியிலோ இருக்கிறதா என்பதைக் கேட்டுவிட்டுத்தான் முதல் தவணைப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.